இருட்டை வரவழைத்துப் பார்த்தல்

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. மாலை ஐந்து மணி தாண்டிச் சற்று நேரத்தில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே மின்செலுத்துப் பாதை ஒன்றில் ஏற்பட்ட கோளாறு, அடுத்தடுத்த நிலையங்களையும் இழுத்துக்கொண்டு போனது. பினாங்கும் இருண்டது. போக்குவரத்து விளக்கு அணைந்தது, லிஃப்ட் பாதியில் நின்றது, கோழி இறைச்சியும் மீனும் ஐஸ்பெட்டியில் கிடந்தன. ஊர் ஊராக வெளிச்சம் திரும்புவதற்குள் இரவாகிவிட்டது.

இத்தகைய பெரிய மின்தடையில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. நின்றுபோன மின்நிலையத்தை மறுபடி ஓட்டுவதற்கே மின்சாரம் வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு, சுழலிக்கு எண்ணெய் தரும் பம்பு, கட்டுப்பாட்டு அறையின் திரைகள் எல்லாம் கரண்டில் ஓடுபவை. துணைமின்நிலையங்களில் இருக்கும் பெரிய பிரேக்கர்களைத் திறப்பதும் மூடுவதும் அப்படித்தான். அந்த வேலைக்காகவே ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அறையில் வரிசை வரிசையாகப் பேட்டரிகள் இருக்கும். பெரும்பாலும் 110 வோல்ட் நேர்மின்சாரம் தருபவை. ஊரே இருட்டில் கிடக்கும்போது, நாட்டின் மின்கட்டமைப்பை எழுப்பும் முதல் உந்துதல் அங்கிருந்துதான் வருகிறது. அந்த அறைக்குள் ஆண்டுக்கணக்காக ஒன்றும் நடப்பதில்லை. பேட்டரிகள் சும்மா சார்ஜில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் செத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

பின்துணை மின்சாரத்தின் முழுச் சிக்கலும் இதுதான். விளக்கு கெட்டால் உடனே தெரியும், விசிறி கெட்டால் வியர்க்கும். பேட்டரி கெட்டால், அது தேவைப்படும் அந்த நிமிடம் வரை எந்த அடையாளமும் இல்லை. ஆகவே மின்தடையை நாமே, நமக்கு வசதியான நேரத்தில், கண் முன்னால் வரவழைத்துப் பார்க்க வேண்டும். துணைமின்நிலையத்துக்குப் பொருந்தும் இந்த விதி பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீட்டின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் யூ.பி.எஸ். பெட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

அந்தப் பெட்டிக்குள் போகுமுன், அதற்கு வரும் கரண்டைப் பற்றிச் சற்று. மலாயாவில் மின்சாரத்தின் கதை 1894இல் ரவாங்கில் தொடங்குகிறது. வெள்ளீயச் சுரங்க முதலாளிகளான லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்துக்காக அங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். பத்தாண்டு கழித்து, 1904இல், ஜார்ஜ் டவுனில் நகராட்சியே மின்விநியோகத்தைத் தொடங்கியது. 1976 வரை பினாங்குத் தீவின் கரண்டு நகராட்சியின் கையில் இருந்தது. பிறகு தேசிய மின்சார வாரியம், 1990 முதல் தெனாகா நேஷனல்.

கரண்டின் அளவிலும் ஒரு மாற்றம் வந்தது. 2008 தொடக்கம் வரை 240 வோல்ட் என்று எழுதியிருந்தது 230 ஆனது. வோல்ட் குறைந்துவிட்டது என்று அப்போது சிலர் நினைத்தார்கள். உண்மையில் மாறியது காகிதம்தான். பழைய விதியில் 240க்கு மேலே 5 சதவீதமும் கீழே 10 சதவீதமும் அனுமதி: 216 முதல் 252 வரை. புதிய விதியில் 230க்கு மேலே 10, கீழே 6 சதவீதம்: 216 முதல் 253 வரை. எனவே சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் இன்றும் 240ஐ ஒட்டி வருவதில் வியப்பில்லை. புதிய யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்துகிறவர் முதலில் கவனிக்க வேண்டிய அமைப்பு இதுவே. பெட்டியின் மேல் எல்லையை 245இல் வைத்துவிட்டால், நல்ல கரண்டையே கெட்ட கரண்டு என்று எண்ணி அது நாளுக்குப் பத்துத் தடவை பேட்டரிக்குத் தாவும். பேட்டரி தேய்வதற்கு மின்தடையே தேவைப்படாது.

பினாங்கில் முழு மின்தடை அடிக்கடி வருவதில்லை. நொடிக்கும் குறைவான சரிவுதான் இங்கே பெரிய தொல்லை. எங்கோ ஒரு மின்னல் கம்பியில் இறங்குகிறது. பாதுகாப்புக் கருவி அந்தக் கிளையை வெட்டிவிடுகிறது. வெட்டும் அந்த ஒரு கணத்துக்குள் மற்றக் கிளைகளில் வோல்ட் பாதியாகிறது. வீட்டில் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும், அவ்வளவுதான். 1972 முதல் வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அந்தக் கண்சிமிட்டல் ஒரு முழுத் தொகுப்புச் சிப்புகளைக் குப்பையாக்கக் கூடியது. குறைக்கடத்தித் தொழிலில் எஃப்47 என்று ஒரு தரவிதி உண்டு: வோல்ட் பாதியாகச் சரிந்தாலும் 200 மில்லிநொடி, 70 சதவீதமாகச் சரிந்தால் அரை நொடி, 80 சதவீதமாகச் சரிந்தால் ஒரு நொடி வரை இயந்திரம் தடுமாறாமல் ஓட வேண்டும் என்கிறது அது. அதற்கு மேல் போனால் காப்பது யூ.பி.எஸ்.ஸின் வேலை.

பெட்டிக்குள் இருப்பது சிக்கலான விஷயமல்ல. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிப் பேட்டரியை நிரப்பும் ஒரு பகுதி, பேட்டரி, நேர்மின்சாரத்தைத் திரும்ப 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், இந்த மூன்றும் கைவிட்டால் மெயின் கரண்டை நேராக லோடுக்குக் கொடுக்கும் பைபாஸ் வழி. விலை குறைந்த பெட்டியில் இன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். கரண்டு போனதும் சில மில்லிநொடிகளில் விழித்துக்கொள்ளும். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கி 16 முதல் 20 மில்லிநொடி வரை தன் சேமிப்பில் தாக்குப்பிடிக்கும் என்பதால் அந்த இடைவெளி தெரியாது. மருத்துவமனை, தரவு மையம் போன்ற இடங்களில் உள்ள ‘ஆன்லைன்’ வகையில் இன்வெர்ட்டர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்டு வருகிறதா போகிறதா என்பது லோடுக்குத் தெரியவே தெரியாது. இந்த வகை அதிகச் சூட்டை உமிழும், அதிகக் கரண்டு தின்னும். ஒரு மளிகைக்கடைக் கணினிக்கு இதை வாங்கச் சொல்கிறவரிடம் எனக்குச் சந்தேகம் உண்டு.

இனி பேட்டரி. 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய–அமில பேட்டரிதான் இன்றும் பெரும்பாலான யூ.பி.எஸ்.களில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தகடு ஈயம், மறு தகடு ஈய டையாக்சைடு, நடுவே கந்தக அமிலம். கரண்டு எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் பின்னோக்கி நடக்கும். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் நாம் ‘12 வோல்ட்’ என்று சொல்வது.

சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டர் வைத்து 12.8 வோல்ட் வந்தால் பலரும் “பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த 12.8 காட்டுவது அமிலத்தின் செறிவை மட்டுமே. தகடுகளில் பாதி செயலிழந்திருக்கலாம். மிச்சப் பாதியைச் சூழ்ந்த அமிலம் செறிவாக இருந்தால் மீட்டர் அதே 12.8ஐத்தான் காட்டும். கிணற்றுத் தண்ணீரின் ருசி பார்த்து, எத்தனை குடம் இறைக்கலாம் என்று சொல்ல முடியாது. இறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தகடு செயலிழப்பது மூன்று வழிகளில். சார்ஜ் இறங்கிய நிலையில் நெடுநாள் கிடந்தால், மென்மையாக இருக்க வேண்டிய ஈய சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும். பிறகு திரும்பி வராது. எப்போதும் சார்ஜிலேயே இருந்தால் நேர்தகட்டின் சட்டம் மெல்ல அரித்துப்போகும். மூடிய வகைப் பேட்டரியில் தண்ணீர் ஊற்ற வழியில்லை என்பதால் உள்ளிருக்கும் ஈரம் ஆண்டுக்காண்டு வற்றும். மூன்றையும் வேகப்படுத்துவது வெப்பம்.

இங்கேதான் பினாங்கு உள்ளே வருகிறது. பேட்டரியின் மேல் ‘ஆயுள் 5 ஆண்டு’ என்று அச்சிட்டிருந்தால், அது 20 அல்லது 25 டிகிரி செல்சியஸில் போட்ட கணக்கு. வெப்பம் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி உயரும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் நடைமுறை விதி. தீவில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. இரவிலும் பெரிதாக இறங்குவதில்லை. நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும் பழைய கடைவீட்டில், மாடிப்படிக்குக் கீழே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே திணித்து வைத்த யூ.பி.எஸ்.ஸின் உள்ளே இன்னும் சில டிகிரி கூடும். ஐந்தாண்டுப் பேட்டரி இரண்டரை ஆண்டில் போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

வெப்பத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சூடான பேட்டரி அதே வோல்ட்டில் அதிகக் கரண்டை வாங்கும். அதிகக் கரண்டு அதை மேலும் சூடாக்கும். நல்ல சார்ஜர் இதை உணர்ந்து, ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் அறைக்கு 3 மில்லிவோல்ட் அளவில் தன் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். 25இல் 13.6 கொடுத்தது 35இல் 13.4 கொடுக்க வேண்டும். வெறும் 0.2 வோல்ட்தான். அந்த 0.2ஐக் குறைக்கத் தெரியாத சார்ஜரிடம் மாட்டிய பேட்டரியின் வயிறு உப்பி, பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே முடியாமல் போவதைப் பழுதுபார்க்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

புதிய பேட்டரி என்றாலும் புதிது என்று நம்பிவிடக் கூடாது. அலமாரியில் இருக்கும்போதே அது தன் சார்ஜை மெல்ல இழக்கிறது; சூடான கிடங்கில் இன்னும் வேகமாக. ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தது படிகம் கட்டத் தொடங்கியிருக்கும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் டின்னில் பார்க்கிறோம், இதில் பார்க்கக் கூடாதா?

பெரிய யூ.பி.எஸ். ஒன்றை முதல்முறை இயக்கும் நாள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடக்கக்கூடிய தவறுகளில் பெரும்பகுதி அந்த ஒரே நாளில்தான் காத்திருக்கிறது.

அன்று விலைமதிப்புள்ள எதையும் அதில் மாட்டக் கூடாது. இது முதல் விதி. பேட்டரி பிரேக்கர் திறந்த நிலையில் இருக்க வேண்டும். உள்ளே வரும் மூன்று ஃபேஸ்களின் வோல்ட், வரிசை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட் எல்லாம் அளந்து எழுதப்படும். பிறகு பேட்டரி. 32 பேட்டரிகளைத் தொடராக இணைத்த ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 12.8 என்றால் மொத்தம் 409.6 வோல்ட் வர வேண்டும். மீட்டரில் 384 வந்தால்? ஒரு பேட்டரி விட்டுப்போயிருந்தால் 396.8 வந்திருக்கும். 32ம் இணைந்திருந்தும் 384 என்றால் ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். அது தன் 12.8ஐச் சேர்க்காததோடு இன்னொரு 12.8ஐயும் கழித்துவிட்டது. ஒரு கழித்தல் கணக்கில் பெரிய விபத்து தவிர்க்கப்படுகிறது.

அடுத்து ஒவ்வொரு முனையின் திருகையும் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் தளர்ந்த ஒரு திருகில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும்: 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 100 வாட் சூடு பிறக்கும். ஒரு குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு சிறு திருகின் தலையில். பிளாஸ்டிக் உருகுவதற்கு அது தாராளம்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மோதிரம், கடிகாரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மெயின் கரண்டை அணைக்கலாம்; பேட்டரியை அணைக்க முடியாது. அதன் முனைகளில் எப்போதும் உயிர் இருக்கிறது. மேலும், வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைவதற்கு வாய்ப்பு இருக்கிறது. நேர்மின்சாரம் பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. 400 வோல்ட் நேர்மின்சாரத்தில் எழுந்த தீப்பிழம்பு இடைவெளி நீண்டாலும் விடாமல் எரியும். மாறுமின்சாரத்துக்கான சாதாரண பிரேக்கரைப் பேட்டரி வரிசையில் போடக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

இயக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பைபாஸ். அடுத்து சார்ஜ் செய்யும் பகுதி மெதுவாக எழுந்து, உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகளை நிரப்பும். நேர்மின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டோடு சமமான பிறகே பேட்டரி பிரேக்கரை மூட வேண்டும். அவசரப்பட்டு வெறும் மின்தேக்கிகள் மீது பேட்டரியை இணைத்தால், ஒரு கணத்துக்குக் கணக்கற்ற கரண்டு பாய்ந்து தொடுமுனைகளையே பற்றவைத்துவிடும். கடைசியில் இன்வெர்ட்டர். அது மெயின் கரண்டின் அலையோடு தன் அலையை ஒத்திசைத்த பிறகு லோடைத் தோளில் வாங்கும்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 27ஐப் பார்க்கலாம். லண்டன் ஹீத்ரோ அருகே பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது; மூன்று நாள் விடுமுறை வார இறுதியில் ஏறத்தாழ 75,000 பயணிகள் நடுவழியில் நின்றார்கள். தாய் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி வில்லி வால்ஷ் பிறகு கொடுத்த விளக்கம் பொறியாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் மின்வழங்கலைத் துண்டித்தார். ஆனால் பெரிய சேதம் துண்டித்ததால் நேரவில்லை, கட்டுப்பாடு இல்லாமல் திரும்ப இணைத்தபோது பாய்ந்த மின்னெழுச்சியால் நேர்ந்தது. இருட்டில் கருவி கெடுவதில்லை. வெளிச்சத்தைத் தப்பான வரிசையில் கொண்டுவந்தால்தான் கெடுகிறது.

இனி சோதனை. குறைந்தது ஒரு முழு நாள் சார்ஜில் விட்ட பிறகு.

சிறிய பெட்டியில் இதை வீட்டிலேயே செய்யலாம். லோடாகக் கணினியை மாட்ட வேண்டாம். தண்ணீர் நிறைத்த 300 வாட் சிறு ரைஸ் குக்கர் போதும். வெறும் சூடேற்றும் கம்பி என்பதால் நிலையான, நேர்மையான லோடு அது. கரண்டை நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். நம் ஊர் மூன்று முள் சாக்கெட்டில் சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்தால் கரண்டு மட்டும் நிற்கும், எர்த் இருக்கும். கையில் கடிகாரம், மீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம்.

எத்தனை நிமிடம் வர வேண்டும்? 1000 வி.ஏ. என்று எழுதிய ஒரு பெட்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்–மணி பேட்டரிகள் இரண்டு இருப்பது வழக்கம். இரண்டிலும் சேர்த்து 168 வாட்–மணி. இன்வெர்ட்டர் 15 சதவீதம் தின்றுவிடுகிறது என்று வைத்தால், 300 வாட்டுக்கு ஏட்டுக் கணக்கில் 28 நிமிடம். நடைமுறையில் புதிய பேட்டரியே 12, 13 நிமிடத்தில் கையை விரித்துவிடும். ஏமாற்று அல்ல. ‘7 ஆம்பியர்–மணி’ என்பது 20 மணி நேரத்தில் மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. 15 ஆம்பியர் வேகத்தில் உறிஞ்சினால் தகட்டின் உட்புறத்துக்கு அமிலம் ஊறிப் போய்ச் சேர நேரம் கிடைப்பதில்லை. மேற்பரப்பு மட்டும் வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும். வில்ஹெல்ம் பொய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897இலேயே இதற்கு ஒரு சூத்திரம் தந்துவிட்டார். ‘1000’ என்ற எண்ணும் வாட் அல்ல; அந்தப் பெட்டி 600 வாட்டுக்கு மேல் தாங்காமல் போகலாம். அட்டைப்பெட்டியின் மேல் வி.ஏ. எண்ணைப் பெரிதாகவும் வாட் எண்ணைச் சிறிதாகவும் அச்சிடுவது எதற்காக என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய பேட்டரி அறைகளில் சோதனையைத் தொடங்கியதும் புதியவர்கள் பதறும் ஒரு கணம் வரும். முழுச் சார்ஜில் இருந்த பேட்டரியில் லோடு விழுந்தவுடன் வோல்ட் சட்டென்று எதிர்பார்த்ததற்கும் கீழே இறங்கும். பேட்டரி போய்விட்டது என்று தோன்றும். அசையாமல் நின்றால், அடுத்த சில நிமிடங்களில் அது தானாகவே சற்று மேலேறி, அதன் பிறகுதான் தன் சாதாரணமான நீண்ட சரிவைத் தொடங்கும். தகட்டின் மேல் முதல் சல்பேட் படிகங்கள் தோன்றுவதற்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தின் விலையே இந்தப் பள்ளம். எச்சரிக்கை மணியின் எல்லையை இந்தப் பள்ளத்துக்கு மேலே வைத்துவிட்டவர், ஒவ்வொரு மின்தடையின் முதல் நிமிடத்திலும் தன் ஆட்களை ஓடவிடுவார்.

சோதனையின் உண்மையான பயன் மொத்த வோல்ட்டில் இல்லை. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். நான்கில் மூன்று 11.5 காட்டும்போது ஒன்று மட்டும் 9.8க்கு இறங்கினால் ஆளைப் பிடித்துவிட்டோம். தொடர் இணைப்பில் பலவீனமான ஒன்றுதான் முழு வரிசையின் நேரத்தையும் தீர்மானிக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா என்றால், வரிசை பழையது எனில் கூடாது. புதியதற்கும் பழையதற்கும் சார்ஜ் பசி வேறு. ஒன்று அதிகம் வாங்கிக் கெடும், மற்றது குறைவாக வாங்கிக் கெடும்.

மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ.யின் வழிகாட்டி, கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியதும் மாற்றிவிடச் சொல்கிறது. இன்னும் 80 மிச்சம் இருக்கும்போதே ஏன் தூக்கிப்போட வேண்டும் என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். 100இலிருந்து 80க்கு வரப் பல ஆண்டுகள். 80க்குக் கீழே அது படி இறங்குவதில்லை, விழுகிறது. யூ.பி.எஸ்.ஸின் முகப்பில் இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கினால் நடப்பது சில விநாடிச் சோதனை. செத்ததைக் கண்டுபிடிக்கும், சாகப்போவதைக் கண்டுபிடிக்காது. உள்தடையை அளக்கும் கருவி கொஞ்சம் மேல். ஆனால் இன்றைய எண்ணை ஒப்பிட முதல் நாள் எண் கையில் இருக்க வேண்டும். அதை எழுதி வைக்காத இடங்கள்தான் அதிகம்.

சோதனை முடிந்ததும் பேட்டரி காலி. திரும்ப நிரம்ப எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அதுவரை காப்பு இல்லை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல் இடி வழக்கம். காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு மாலை மழையில் மாட்டிக்கொள்வதைவிட, இரவு கடை அடைத்த பிறகு செய்வது மேல். ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாட்கள் அதைவிட மேல்.

இடியோடு சேர்த்து ஒரு வீட்டு விஷயம். கணினி, யூ.பி.எஸ். போன்றவற்றில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் எப்போதும் ஒரு சொட்டுக் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லியாம்பியர்தான். ஒரே கசிவுக் காப்பு சுவிட்சின் கீழ் பத்துக் கருவிகள் சேர்ந்தால், 30 மில்லியாம்பியரில் விழ வேண்டிய அது ஏற்கெனவே பாதி வழியில் நிற்கிறது. தூரத்து மின்னலின் ஓர் எழுச்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும். தெருவெங்கும் விளக்கு எரிய, உங்கள் வீட்டில் மட்டும் நள்ளிரவில் சுவிட்ச் விழுந்து, யூ.பி.எஸ். யாரும் கேட்காமல் கத்திக் கத்தி ஓய்ந்து, காலையில் பேட்டரி அடிமட்டத்தில் கிடக்கும். கருவிகளை இரண்டு மூன்று சுற்றுகளாகப் பிரித்துப்போடுவது வயர்மேனுக்கு ஒரு பிற்பகல் வேலை.

லித்தியம் வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு என்று கேட்கலாம். லித்தியம் எடை குறைவு, ஆயுள் அதிகம், வெப்பத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தேசியத் தகவல் வள மையத்தில், யூ.பி.எஸ்.ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம் ஆனது. 640க்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. சேவையைக் காக்க வைத்த பொருளே சேவையை நிறுத்தியது.

யூ.பி.எஸ்.களில் இப்போது பரவும் லித்தியம்–இரும்பு–பாஸ்பேட் வகை தீ விஷயத்தில் சற்று அமைதியானது. சோதிக்கிறவருக்கு அது வேறொரு தலைவலி. ஈய–அமிலத்தில் வோல்ட் படிப்படியாகச் சரிந்து வரப்போவதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை வோல்ட் ஏறக்குறைய அசையாது. கடைசியில் சட்டென்று விழும், உள்ளிருக்கும் காப்புச் சுற்று முன்னறிவிப்பின்றித் தொடர்பை வெட்டிவிடும். பழைய பேட்டரிக்குப் பதில் இதை மாட்டிய பல இடங்களில், ‘வோல்ட் இந்த அளவுக்கு இறங்கினால் சர்வரை ஒழுங்காக மூடு’ என்ற பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. அந்த அளவு வருவதற்குள் கரண்டு போய்விடும். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை ஒருமுறை முழுதாக இறக்கிப் பார்த்து அளந்து, அந்த நிமிடக் கணக்கில் பாதியை மூடும் நேரமாக வைப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.